நாற்பதுக்கு அப்புறம் ஐம்பத்தேழு

மதாம் என்று அவளுக்குப் பெயர் வைத்தது பிள்ளைகள் அல்ல, சக ஆசிரியர்கள். பிரெஞ்சில் அது மரியாதைச் சொல். ஆசிரியர் அறையில் அப்படி இல்லை. "மதாம் வர்றாங்க, நாற்காலியத் துடைச்சு வைங்கப்பா" என்று கணக்கு வாத்தியார் சொல்வார். மற்றவர்கள் தேநீர்க் கோப்பைக்குள் சிரிப்பார்கள். அவளுக்கு அது தெரியும். தெரிந்தே இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பாள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனசுக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டால் போதும், அன்றைய பொழுது ஓடிவிடும். அந்தப் பழமொழி மட்டும் இல்லையென்றால் அவள் எப்போதோ வேலையை விட்டிருப்பாள்.

ஆறு வருடமாக அந்த அரசுப் பள்ளியில் பிரெஞ்சு இருந்தது. இருந்தது என்றால், ஒரு நிதியம் கொடுத்ததால் இருந்தது. அரசுப் பள்ளிகளில் பிரெஞ்சு மொழிக்கு ஆதரவு என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். மதாமின் சம்பளம், எட்டுப் பாடப் புத்தகங்கள், காதால் கேட்டுப் பழக ஒரு ஒலிக்கருவி, வருடத்துக்கு ஐந்து பிள்ளைகள் வெளித்தேர்வு எழுதச் செலவு. இவ்வளவுதான் ஆதரவு. இதைப் பள்ளிக்கூடம் வைத்துக் காப்பாற்றிய அழகைச் சொன்னால் வயிறு எரியும்.

ஒலிக்கருவி வந்த அன்று தலைமையாசிரியர் அதன் பெட்டிக்கு நாடா கட்டி வெட்டினார். அவருக்கு அது ஒரு வியாதி. புதுக் குழாய் போட்டால் வெட்டுவார். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் மாற்றினாலும் வெட்டுவார். அதனால் பியூன் முதல் பெற்றோர் வரை எல்லோருக்கும் அவர் ரிப்பன்தான். வெட்டி முடித்துக் கைதட்டல் வாங்கியதும், "பிள்ளைங்க கை பட்டா கெட்டுடும்" என்று கருவியைத் தன் அறைக்கே தூக்கிக்கொண்டு போனார். அதன்மேல் ஒரு பூந்தொட்டியும் வைத்துவிட்டார். ஆறு வருடத்தில் பிள்ளைகள் அந்தக் கருவியின் குரலைக் கேட்டது ஒரே ஒரு நாள். மற்ற நாளெல்லாம் அது தொட்டிக்குத்தான் ஆதரவாக இருந்தது.

வகுப்பு நடந்தது மாடிப்படிக்கு அடியில், விளையாட்டுச் சாமான் போட்டுவைக்கும் அறையில். காற்றுப்போன பந்துகள், கிழிந்த வலை, வியர்வை நாறும் உடற்பயிற்சி மெத்தைகள். சன்னல் என்று ஒன்று கிடையாது. இருபத்துநாலு பிள்ளைகளும் சுருட்டிய மெத்தைகள்மேல் உட்கார்ந்து, மூன்று பேருக்கு ஒரு புத்தகம் என்று மடியில் பரப்பிக்கொள்வார்கள். அந்தப் புத்தகங்களும் ஊனம். எட்டிலும் நாற்பதாம் பக்கத்துக்கு அப்புறம் ஐம்பத்தேழாம் பக்கம் வரும். தைக்கும்போது ஒரு கட்டு விட்டுப்போய், விற்க முடியாமல் கிடந்ததைத் தூக்கித் தானமாகக் கொடுத்திருந்தார்கள். நாற்பதாம் பக்கத்தில் அப்பா, அம்மா, அண்ணன், தங்கை நால்வரும் ரயிலைப் பிடிக்க ஓடுகிறார்கள். டிக்கெட்டை வீட்டிலேயே வைத்துவிட்டது அப்பாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வருகிறது. ஐம்பத்தேழில் தங்கை மட்டும் கடற்கரையில் தனியாக உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

"நடுவுல என்ன ஆச்சு மேடம்? ரயிலப் பிடிச்சாங்களா?" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள்.

"அது பரீட்சைக்கு வராது" என்பாள் மதாம். ஒவ்வொரு வருடமும் அதே பதில்.

வருடம் தவறாமல் நிதியத்திலிருந்து ஒரு படிவம் வரும். ஆதரவு தொடர வேண்டுமானால் படிவத்தோடு பத்துப் பிள்ளைகள் தங்கள் கையால், பிரெஞ்சில், எங்கள் வகுப்பு என்று ஆளுக்கொரு கடிதம் எழுதி இணைக்க வேண்டும். எவ்வளவு நல்லெண்ணம். ஆனால் மதாம் முதல் வருடமே முடிவு செய்துவிட்டாள்: இதுகள் எழுதி, அதை அங்கே பிரெஞ்சு தெரிந்த ஒருவர் படித்து, "யார் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது" என்று கேட்டால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆகவே பத்துக் கடிதத்தையும் அவளே வீட்டில் உட்கார்ந்து எழுதுவாள். ஒன்று மழையைப் பற்றி, ஒன்று நட்பைப் பற்றி, ஒன்று அகராதியின் வாசனையைப் பற்றி. பிள்ளைகள் அதைப் பார்த்துத் தங்கள் கையெழுத்தில் பிரதி எடுப்பார்கள். கீழே தங்கள் பெயரைப் போடுவார்கள். அவ்வளவுதான் அவர்கள் வேலை.

அந்தக் கடிதங்கள் அழகாக இருக்கும் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மதாம் பிரெஞ்சு படித்தது தபால் வழியில். அந்த மொழி பேசும் ஊர் எதையும் மிதித்ததில்லை. அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட யாரோடும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாத பேச்சையெல்லாம் வருடத்துக்கு ஒருமுறை அந்தப் பத்துக் காகிதத்தில் கொட்டினாள். யார் கேட்டாலும் பள்ளிக்காகத்தான் என்பாள். பள்ளியும் மண்ணும்.

இந்த வருடம் படிவம் வந்த மறுநாள் பம்பரம் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். பதினைந்து வயதுப் பெண். ஓர் இடத்தில் காலை வைத்து நிற்க மாட்டாள் என்பதால் அந்தப் பெயர். அவளுடைய அம்மா ஒரு பெரிய ஹோட்டலில், தரைக்குக் கீழே இருக்கும் சலவைப் பிரிவில், நாள் முழுக்க ஆவியில் வெந்து படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடுகிறவள். பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது அந்த அம்மா மதாமிடம் வேறெதுவும் கேட்கவில்லை. "அந்தப் பரீட்சை பாஸ் பண்ணா மேல ரிசப்ஷன்ல எடுத்துக்குவாங்களாம் டீச்சர். எங்க மேனேஜரே சொன்னாரு. இல்லன்னா இவளும் கீழதான், என்கூட" என்று மட்டும் சொன்னாள். அடுத்த வருடம் தேர்வெழுதும் ஐந்து பேர் பட்டியலில் பம்பரம்தான் முதல்.

"மேடம், இந்தத் தடவ எனக்கு நீங்க எழுத வேணாம். நானே எழுதிட்டேன்" என்று ஒரு காகிதத்தை நீட்டினாள் பம்பரம்.

மதாம் வாங்கிப் படித்தாள். இரண்டாவது வரியிலேயே புருவம் மேலே போய்விட்டது. தமிழில் சொன்னால் கிட்டத்தட்ட இப்படி இருந்தது அது:

'ஐயா அம்மா. நான் பிரெஞ்சு விரும்பு. எங்கள் புத்தகம் எட்டு உண்டு ஆனால் பக்கம் 41 இருந்து 56 இல்லை. குடும்பம் ரயிலுக்கு ஓடுகிறது, பிறகு தங்கை தனி. நாங்கள் மிகவும் கவலை. தயவு செய்து பதினாறு பக்கம் அனுப்பு. பேசும் இயந்திரம் தலைமை ஐயாவின் பூ கீழே வாழ்கிறது. எங்கள் மதாம் கோபம் ஆனால் அவளுக்கு எல்லாம் தெரியும்.'

மதாம் அதைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். மேசை இழுப்பறையில் போட்டிருக்கலாம். "நீ போ, நான் பாக்கறேன்" என்று பெண்ணை அனுப்பிவிட்டு, அவள் வராந்தா திரும்பும் முன்பே, கணக்கு வாத்தியாருக்கும் மற்றவர்களுக்கும் அதைத் தமிழில் பெயர்த்துப் படித்துக் காட்டினாள். ஆறு வருடத்தில் முதல்முறையாக ஆசிரியர் அறை அவளோடு சேர்ந்து சிரித்தது. பூவுக்குக் கீழே வாழ்கிறதாம் என்று ஒருவர் சிரித்துச் சிரித்து மூக்கைச் சிந்தினார். மதாமுக்கு அது பிடித்திருந்தது. தன்னைப் பார்த்துச் சிரிக்கிறவர்களோடு சேர்ந்து இன்னொருத்தியைப் பார்த்துச் சிரிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. சின்ன புத்தியின் சுகம்.

கணக்கு வாத்தியார் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஆனா ஒண்ணு மதாம். அழுத பிள்ளைக்குத்தான் பால். இதையே அனுப்புங்க, பதினாறு பக்கம் என்ன, பதினாறு மாடியே கட்டிக் கொடுப்பான்" என்றார்.

"இத அனுப்பினா என் மானம் போகும் சார்."

"உங்க மானத்துக்கா மதாம் அவன் பணம் கொடுக்கறான்?" என்று அவர் விடைத்தாள் கட்டை இழுத்துக்கொண்டார்.

அன்று மாலை பம்பரத்துக்கு மழைக் கடிதம் கொடுக்கப்பட்டது. பத்திலும் அதுதான் சிகரம். மழை பெய்யும் பிற்பகல்களில், சன்னல் கண்ணாடியில் வழியும் துளிகளைப் பார்த்தபடி, ஒவ்வொரு புதுச் சொல்லும் தன்னுள் எப்படி மெல்ல இறங்குகிறது என்று ஒரு மாணவி எழுதுகிறாள். பம்பரம் படித்துவிட்டு, "நம்ம ரூம்ல ஜன்னலே இல்லையே மேடம்" என்றாள்.

"எழுத்துல இருக்கும். பேசாம காப்பி பண்ணு."

பம்பரம் பிரதி எடுத்தாள். எடுத்து முடித்ததும், அந்த மூலத் தாளைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அவ்வளவு அழகான பிரெஞ்சை அவள் அதுவரை பார்த்ததில்லையாம். மதாம் பெருந்தன்மையாகத் தலையாட்டினாள். பம்பரத்தின் சொந்தக் கடிதம் மதாமின் கைப்பையில் குடைக்கு அடியில் கிடந்தது.

இரண்டு மாதம் கழித்து நிதியத்தின் பதில் வந்தது. ரிப்பன் மதாமைக் கூப்பிட்டனுப்பினார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் பள்ளிக்குப் புதுக் கட்டடமே வந்துவிட்டது என்று தோன்றும்.

"மதாம், நம்ம பள்ளி தன்னிறைவு அடைஞ்சிடுச்சு."

அவள் கடிதத்தை வாங்கிப் படித்தாள். தங்கள் மாணவர்களின் கடிதங்கள் குழுவை வியப்பில் ஆழ்த்தின. இந்தத் தரத்தை எட்டிய பள்ளிக்கு எங்கள் ஆதரவு இனித் தேவையில்லை என்பதைப் பெருமையுடன் தெரிவிக்கிறோம். இந்த ஆண்டு முடிவோடு ஆதரவு, கற்றல் சாதனங்கள் உட்பட, தேவை அதிகமுள்ள வேறொரு பள்ளிக்கு மாற்றப்படும். தங்கள் பள்ளிக்குச் சிறப்புச் சான்றிதழ் நேரில் வழங்கப்படும். இப்படிப் போயிற்று. வெண்ணெய் திரண்டுவரும்போது தாழி உடைந்த கதை என்று சொல்லலாம். ஆனால் தாழியை உடைத்தவளே இவள்தானே. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருப்போம். மதாம் வருடத்துக்குப் பத்து வீதம் ஆறு வருடம் வைத்திருக்கிறாள்.

"சார், இனிமே கொடுக்க மாட்டோம்னு எழுதியிருக்காங்க. வகுப்பு இருக்காது. அந்த அஞ்சு பேரு பரீட்சை எழுத முடியாது."

"அதான் சான்றிதழ் கொடுக்கறாங்களே. சட்டம் போட்டு." அவர் சுவரில் இடம் பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க மாட்டலாமா, வாசல்ல மாட்டலாமா?"

"மேல்முறையீடு பண்ணலாம் சார்."

"தாராளமா. என்னன்னு எழுதுவீங்க? பிள்ளைங்களுக்கு ஒண்ணும் வராது, ஆறு வருஷமா நான்தான் எழுதி அனுப்பினேன்னா?"

மதாம் இந்த மனிதரை முட்டாள் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தாள். முட்டாள்தான், சந்தேகமில்லை. ஆனால் தன் நாற்காலிக்கு ஆபத்து என்றால் மட்டும் மூளை வேலை செய்கிற ரக முட்டாள். அந்த ரகம்தான் எங்கும் தலைமைக்கு வருகிறது.

வகுப்பில் பிள்ளைகளிடம் சொன்னபோது பம்பரம், "ஏன் மேடம் நிறுத்தறாங்க? நாம என்ன தப்பு பண்ணோம்?" என்றாள்.

"தப்பே பண்ணல. அதுதான். ரொம்ப நல்லா எழுதிட்டோமாம்."

பம்பரம் அன்று ஒரே இடத்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தாள். அது அவளிடம் இல்லாத வழக்கம்.

சான்றிதழ் கொடுக்க நிதியத்தின் அதிகாரி அம்மாள் வருவதற்கு முந்தின நாளே ரிப்பன் ஒரு காரியம் செய்திருந்தார். மழைக் கடிதத்தில் வருகிற சன்னலை அதிகாரி பார்க்க ஆசைப்படுகிறார் என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார்களாம். பள்ளியிலேயே பார்க்கிற மாதிரியான சன்னல் அவர் அறையில்தான் இருந்தது. மேசையைச் சுவரோரம் தள்ளி, நான்கு வரிசை பெஞ்சு போட்டு, கரும்பலகையில் பிரெஞ்சு அகரவரிசையை எழுதவைத்து, வாசலில் பிரெஞ்சு வகுப்பறை என்று அட்டை மாட்டிவிட்டார். ஆறு வருடம் அழுதும் கிடைக்காத வகுப்பறை அதை மூடுகிற அன்றைக்குக் கிடைத்தது. பூந்தொட்டியை எடுத்துவிட்டு ஒலிக்கருவியைத் துடைத்து வைத்திருந்தார்கள். தொட்டி இருந்த இடத்தில் வட்டமாகத் துருவேறியிருந்தது.

மதாம் விழா அன்று காலை கைப்பையைத் திறந்து பம்பரத்தின் கடிதம் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டாள். பேருந்தில் வரும்போது மனசுக்குள் ஒத்திகையும் பார்த்தாள். அம்மா, ஒரு நிமிஷம். இதுதான் என் பிள்ளைகளின் உண்மையான நிலை. இவர்களுக்கு இன்னும் ஆதரவு வேண்டும். மூன்றே வாக்கியம். அதைச் சொல்லிவிட்டால் வகுப்பு பிழைத்துவிடலாம், அந்தப் பெண் தரைக்கு மேலே நிற்கலாம். சொல்லிவிடுவது என்றுதான் இறங்கினாள்.

அதிகாரி அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, தேய்ந்த செருப்பு, கையில் கனத்த கோப்பு. இப்படிப்பட்டவர்களுக்குப் பிரெஞ்சு ஒரு வார்த்தையும் தெரியாது என்றே மதாம் அடித்துச் சொல்லியிருப்பாள். அந்த அம்மாள் உள்ளே வந்து அவளிடம் பேசிய முதல் வாக்கியமே பிரெஞ்சு. தண்ணீர் ஓடுகிற மாதிரிப் பேசினார். மதாம் தட்டுத் தடுமாறித்தான் பதில் சொன்னாள். அந்த அம்மாள் அதைக் கவனித்தாலும் கவனிக்காததுபோலத் தமிழுக்கு வந்துவிட்டார். ரிப்பன் பூங்கொத்து வாங்க வெளியே ஓடியிருந்தார்.

"இந்த ஜன்னல்தானா அது?" என்று சன்னல் பக்கம் போனார்.

"ஆமாங்க."

"அந்த மழைக் கடிதத்த நான் நாலு பேருக்குப் படிச்சுக் காட்டினேன். முப்பது வருஷமா பிள்ளைங்க கடிதம் படிக்கறேன்ம்மா, இந்த மாதிரி ஒண்ணப் பாத்ததில்ல. இப்படி ஒரு நடை சும்மா வராது, சொல்லிக் கொடுத்தவங்ககிட்ட இருந்துதான் வரும். நீங்க எங்க படிச்சீங்க? வெளிநாட்டுலயா?"

"இல்லைங்க. தபால்ல."

"தபால்லயா?" அந்த அம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. கலப்படமில்லாத மரியாதை. ஆறு வருடம், அறுபது கடிதம், ஒரே ஒரு வாசகி, அவர் இதோ எதிரில் நிற்கிறார்.

அதிகாரி அம்மாள் கோப்பைப் பெஞ்சுமேல் வைத்து, குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. பத்தும் ஒரே தரமா இருந்ததாலதான் குழு கை விட்டுடுச்சு. ஒரு பிள்ளையாவது தடுமாறி எழுதியிருந்தா, இவங்களுக்கு இன்னும் தேவை இருக்குன்னு நான் வாதாடி ரெண்டு மூணு வருஷம் நீட்டியிருப்பேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் கோப்பு என் கையிலதான் இருக்கு. அப்படி ஏதாவது, யாராவது எழுதினது, உங்ககிட்ட இருக்கா?"

தேடிப்போன மருந்து காலில் வந்து இடறியது. கைப்பை தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் திறந்து ஒரு காகிதத்தை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஆனால் அதை எடுத்துக் கொடுத்தால் அடுத்த கேள்வி என்ன என்பது மதாமுக்குத் தெரியும். அப்போ அந்தப் பத்தும் யார் எழுதியது? கேட்கக்கூட வேண்டாம், பார்த்தாலே போதும். இப்போது இருக்கிற அந்தப் பார்வை போய்விடும். வாழ்நாளில் ஒரே ஒருமுறை, அவள் பிரெஞ்சைப் படிக்கத் தெரிந்த ஒருவர் பார்த்த பார்வை.

"இல்லைங்க" என்றாள் மதாம். "என் பிள்ளைங்க எல்லாரும் ஒரே தரம்தான்."

அதிகாரி அம்மாள் சற்று நேரம் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு வாசலில் மாட்டியிருந்த புது அட்டையைப் பார்த்தார். "சரி" என்று கோப்பை எடுத்து மூடினார்.

கூடத்தில் விழா நடந்தது. ரிப்பன் சான்றிதழுக்கும் நாடா கட்டியிருந்தார்; சட்டம் போட்ட கண்ணாடிக்குக் குறுக்கே சிவப்பு நாடா. வெட்டுவதற்கு முன், மழைக் கடிதம் எழுதிய மாணவி யார் என்று அதிகாரி அம்மாள் ஒலிபெருக்கியில் கேட்டார். பம்பரம் எழுந்து மேடைக்குப் போனாள். மதாம் முதல் வரிசையில் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவள் வாயைத் திறந்து, நான் எழுதவில்லை என்று சொல்லிவிடுவாள் என்று பயந்தாள். அதே மூச்சில், சொல்லித் தொலைத்துவிட மாட்டாளா என்றும் நினைத்தாள். தன்னால் முடியாததைப் பதினைந்து வயதுப் பெண் செய்துவிட வேண்டும் என்று எதிர்பார்த்தாள். பெரியவர்களின் லட்சணம் இதுதான்.

பம்பரம் மேடையில் ஒரே இடத்தில் நின்றாள். கையில் காகிதம் இல்லை. மழைக் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரை, ஒரு தட்டுத் தடங்கல் இல்லாமல், மனப்பாடமாகச் சொன்னாள். மாதக்கணக்கில் அந்த மூலத் தாளைப் படித்துப் படித்து நெட்டுருப் போட்டிருக்கிறாள். மதாம் முன்வரிசையில் இருக்கும்போது மதாமின் கடிதத்தைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. கூடம் கைதட்டியது. ரிப்பன் எழுந்து நின்று தட்டினார். கணக்கு வாத்தியார் தட்டவில்லை. அவர் மதாமைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். நாடா வெட்டப்பட்டது.

வருடக் கடைசியில் சாமான்களைக் கட்டி அனுப்ப வேண்டியிருந்தது. மாடிப்படிக்கு அடியில் மதாமும் பம்பரமும் மட்டும் இருந்தார்கள். மற்ற பிள்ளைகள் விடுமுறைக்குப் போய்விட்டார்கள். தேர்வுப் பட்டியல் ரத்தாகிவிட்டது. விடுமுறை முழுக்க அம்மாவோடு சலவைப் பிரிவில் விரிப்பு மடிக்கப் போவதாகப் பம்பரம் சொன்னாள். சொல்லும்போது முகத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் மதாமால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. அட்டைப் பெட்டியில் எட்டுப் புத்தகங்களையும் அடுக்கத் தொடங்கினாள்.

"மேடம், இனிமே பரீட்சையே இல்லல்ல. இப்பவாவது சொல்லுங்களேன். அவங்க ரயிலப் பிடிச்சாங்களா?"

மதாம் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ஒரு புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தாள். நாற்பது. ஐம்பத்தேழு. இன்னொன்றைப் பிரித்தாள். அந்தப் பதினாறு பக்கத்தை அவளும் படித்ததில்லை. முழுப் புத்தகம் ஒன்று வேண்டும் என்று யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் குறை இருப்பது வெளியே தெரிந்துவிடும் என்று ஆறு வருடம், பரீட்சைக்கு வராது, பரீட்சைக்கு வராது என்று சொல்லியே ஓட்டியிருக்கிறாள். ஊரையெல்லாம் கழுதை என்றவளுக்கு வெட்கத்தில் காது சுட்டது.

"எனக்குத் தெரியாது" என்றாள்.

பம்பரம் கேலி செய்யவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. "எனக்குத் தெரியும் மேடம், உங்களுக்குத் தெரியாதுன்னு. கேட்டப்பல்லாம் பரீட்சைக்கு வராதுன்னீங்களே, அப்பவே தெரிஞ்சுபோச்சு" என்று, மெத்தைச் சுருள்மேல் குனிந்து ஒரு துண்டுக் காகிதத்தில் எதையோ எழுதினாள். எழுதியதை எல்லாவற்றுக்கும் மேலே இருந்த புத்தகத்தில், நாற்பதாம் பக்கத்துக்கும் ஐம்பத்தேழாம் பக்கத்துக்கும் நடுவில் வைத்தாள். அடுத்த பள்ளிப் பிள்ளைகளுக்காம். பிரெஞ்சில் இருந்தது. நீங்கள் பக்கம் 41 இருந்து 56 கேள். குடும்பம் என்ன ஆச்சு எங்களுக்கும் சொல்லு.

இரண்டு வரியில் ஐந்து பிழை. மதாமின் கை பழக்க தோஷத்தில் பையைத் துழாவி சிவப்புப் பேனாவை எடுத்து மூடியைத் திறந்துவிட்டது.

பம்பரம் புத்தகத்தை மூடி, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

"திருத்தாதீங்க மேடம்" என்றாள். "திருத்தினா கொடுக்க மாட்டாங்க."